மன்றமும் மனையும்: பினாங்கு ஜார்ஜ் டவுனின் பொதுவிடங்கள்

பழைய கட்டடங்களை 'நினைவுச்சின்னம்' என்று வழங்குவது தமிழில் பிற்கால வழக்கு. நினைவு என்பது சென்றதைப் பற்றியது. சின்னம் என்பது எஞ்சியதைக் குறிப்பது. இரண்டும் சேர்ந்த சொல், வாழ்ந்து முடிந்த ஒன்றையே கண்முன் நிறுத்துகிறது. பண்டைத் தமிழர் ஊரின் பொதுவிடத்துக்கு வைத்த பெயர்கள் வேறு வகையின. மன்றம், அம்பலம், பொதியில் என்பன அவை. இவற்றுள் எதுவும் கல்லின் பழமையைச் சுட்டுவதன்று. கூடுகின்ற மக்களைச் சுட்டுவது. பொதியில் என்பது பொது இல். ஊரார் எல்லார்க்கும் உரிய வீடு.

அத்தகைய வீடு எப்போது அழிகிறது? புறநானூற்றின் 52ஆம் பாட்டு இதற்கு விடை தருகிறது. வேந்தனின் சினத்துக்கு ஆளான பகைவர் நாட்டில் ஒரு பொதியில் பாழான காட்சியை அப்பாட்டு காட்டுகிறது. தெய்வம் தான் உறைந்த தூணை விட்டு நீங்குகிறது. படையல் நின்றுவிடுகிறது. நரைத்த முதியோர் நாள்தோறும் காயுருட்டி ஆடியதால் குழிந்துபோன இடத்தில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. சுவர் விழுந்தது என்றோ கூரை சரிந்தது என்றோ புலவர் கூறவில்லை. படைப்பாரும் ஆடுவாரும் இல்லாமற் போனதையே பாழ் என்பதற்கு அடையாளமாகக் காட்டுகிறார். கட்டடத்தின் உயிர் கட்டடத்தில் இல்லை. அதைச் சூழ்ந்து குடியிருப்போரிடம் இருக்கிறது என்பது இதனால் பெறப்படும் கருத்து.

இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கத்தக்க நகரங்களுள் முதன்மையானது பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன். 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் என்பவர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்ட துறைமுகம் அது. 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஆசியாவின் பல பண்பாடுகளுக்கு வாழும் சான்று என்பதே இவ்விரு நகரங்களும் தெரிவு பெற்ற காரணங்களுள் ஒன்று. 'வாழும்' என்னும் அந்த அடைமொழி பொருளுள்ளதாக நிற்கிறதா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கோட்டையும் பள்ளிவாசலும்

ஜார்ஜ் டவுனைப் பற்றிய வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் கார்ன்வாலிஸ் கோட்டையில் தொடங்குகின்றன. முதலில் நிபோங் என்னும் பனைவகை மரங்களால் வேலியாக எழுந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கல்லால் கட்டப்பட்ட கோட்டை அது. அங்கே பீரங்கிகள் உண்டு, கொடிமரம் உண்டு. ஆயினும் அக்கோட்டை எந்தப் போரையும் கண்டதில்லை. இன்று நுழைவுச்சீட்டு வாங்கிச் சென்று பார்க்கும் இடமாக உள்ளது. நினைவுச்சின்னம் என்னும் சொல் அதற்கு முற்றும் பொருந்தும். அதை ஆண்டவர் போயினர். அதற்கு உரியவர் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பம் எதுவும் அதன் மதிலை ஒட்டி இல்லை.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். இதன் வரலாறு வேறு பாடத்தைக் கற்பிக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்து குடியேறிய தமிழ் முஸ்லிம்களின் தலைவராக விளங்கியவர் காதர் முகைதீன். அக்குடியினர் 'சூலியர்' எனப்பட்டனர். சூலியா தெரு இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. 1801இல் கம்பெனி அளித்த நிலத்தில் அவர்களுக்கென இப்பள்ளி எழுந்தது. 'கிளிங்' என்னும் சொல் கலிங்கம் என்பதன் திரிபு என்பர். தென்னிந்தியரைக் குறிக்க மலாயில் வழங்கிய பழஞ்சொல். இன்று அது இழிவுக் குறிப்பாகக் கொள்ளப்படுகிறது. பள்ளியின் பெயரில் மட்டும் மாறாமல் நிற்கிறது. அங்கே அது இழிவைச் சுட்டவில்லை, ஒரு தலைவனின் பதவியைச் சுட்டுகிறது.

இன்று அப்பள்ளியில் காணப்படும் குவிமாடங்களும் தூபியும் 1801இல் இருந்தவை அல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூப்ரான்னர் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த அமைப்பு அது. பின்னரும் திருத்தங்கள் செய்யப்பட்டன. கல்லையும் சுண்ணத்தையும் கொண்டு வயது கணித்தால் இப்பள்ளி இளையது. ஆனால் தொழுகை ஓய்ந்ததில்லை, அறநிலமும் தொடர்ந்தது. இறைவன் பெயரால் ஒப்படைக்கப்பட்டு விற்கவும் பிரிக்கவும் ஆகாத வக்ஃபு என்னும் கட்டளையே இப்பள்ளியின் மெய்யான அடித்தளம். அக்கட்டளையைச் சூழ்ந்தே வீடுகளும் கடைகளும் அடக்கவிடங்களும் பெருகின. கூ சல்மா நசுத்தியோன் 2014இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தி சூலியா இன் பினாங்' என்னும் நூல், 1786 முதல் 1957 வரை இப்பள்ளியைச் சுற்றி ஒரு சமுதாயம் தனக்கென இடத்தை ஆக்கிக்கொண்ட வரலாற்றை விரிக்கிறது. அந்நூலின் சிறப்பு, கட்டடத்தைத் தனியே நிறுத்தாமல் அறநிலத்தோடும் அதில் வாழ்ந்தாரோடும் சேர்த்துப் பார்ப்பது. வழிகாட்டி நூல்கள் செய்யத் தவறுவது அதுவே.

பள்ளியை அடுத்த தெருக்களில் விற்கும் நாசி கண்டாரையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். தோளில் தடியிட்டு, இருபுறமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளரைத் தேடிச் சென்று விற்ற உணவு அது. 'கண்டார்' என்பது அத்தடியின் பெயர். தடி போயிற்று, சோறு நின்றது. ஒரு மரபு உயிரோடிருக்கிறது என்பதற்கு, அதன் வடிவம் மாறியும் அதன் தேவை மாறாதிருப்பதே சான்று.

வழிபாடும் வழக்குத் தீர்ப்பும்

முன்னர்ப் பிட் தெரு எனப்பட்டு, இன்று மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலை எனப்படும் நெடுந்தெருவில், 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும், சீனரின் குவான் யின் கோயிலும், மாரியம்மன் கோயிலின் பின்புறமும், இப்பள்ளிவாசலும் நடந்தே காணத்தக்க தொலைவில் அமைந்துள்ளன. அண்மைக் காலத்தில் இதனை 'நல்லிணக்கத் தெரு' என்று அழைக்கின்றனர். பெயர் அழகியது. ஆயினும் அருகருகே நிற்பதாலேயே கட்டடங்கள் இணக்கம் கொண்டுவிடுவதில்லை.

குவான் யின் கோயிலின் பெயரிலேயே குவாங்தோங், பூஜியான் என்னும் இரு சீன நாட்டுப் பகுதிகளின் பெயர்கள் இணைந்துள்ளன. வேறு வேறு மொழி பேசி, ஒருவரையொருவர் ஐயுற்று வாழ்ந்த இரு கூட்டத்தார் பொதுவில் எழுப்பிய கோயில் அது. வழிபாட்டோடு வழக்குத் தீர்க்கும் இடமாகவும் அது இருந்தது. 1881இல் அமைந்த சீனர் பொதுமன்றம் பின்னர் அப்பணியை ஏற்றது. தமிழ் இலக்கியம் மன்றம் என்று சொன்னதன் பொருளுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. வணங்கும் இடமே வழக்குரைக்கும் இடமாகவும் இருந்தது.

வழக்கு முற்றிக் கலகமானதும் உண்டு. 1867 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுன் தெருக்களில் பல நாள் சண்டை நடந்தது. கீ ஹின், துவா பெக் கொங் என்னும் சீனச் சங்கங்கள் இரண்டும் எதிர்த்து நின்றன. வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்னும் முஸ்லிம் சங்கங்கள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தன. சீனர் ஒருபுறமும் முஸ்லிம்கள் ஒருபுறமுமாக அது நடக்கவில்லை என்பது கருதத்தக்கது. தெருவும் தொழிலும் உறவும் வகுத்த அணிகளே போரிட்டன. ஆகவே ஜார்ஜ் டவுனின் இணக்கம் இயற்கையாய் விளைந்ததன்று. சண்டையிட்டு, சமாதானம் பேசி, வாடகைக்கு விட்டு, கடன் கொடுத்து, ஒரே கிணற்றடியில் நின்று பழகி ஆக்கிக்கொண்டது. அப்பழக்கத்தைக் கூறாமல் நான்கு கோபுரங்களை ஒரே படத்தில் காட்டுவது வரலாற்றைச் சுருக்குவதாகும்.

தேரும் கிட்டங்கியும்

குயின் தெருவில் 1833இல் எழுந்த ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில் துறைமுகத் தொழிலாளரும் வணிகரும் கூடிய இடம். அருகே பினாங்குத் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. கிட்டங்கி என்பது வட்டிக்கடையும் தங்குமிடமும் ஒன்றான நீண்ட கூடம். பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கெழுதியவர் இரவில் அங்கேயே படுத்தார். அவர்கள் வழிபட்ட முருகன் இருக்கும் இடத்துக்குப் பெயரே 'கோவில் வீடு'. தெய்வமும் தெருவில் ஒரு குடியாக இருந்ததை இப்பெயர் உணர்த்துகிறது.

தைப்பூசத்துக்கு முன்னாள் அக்கோவில் வீட்டிலிருந்து வெள்ளித்தேர் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் புறப்படுகிறது. 1894ஆம் ஆண்டு தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தேர் அது. வழியெல்லாம் தேங்காய் குவித்து உடைப்போருள் சீனரும் பெருந்தொகையினர். 2017 முதல் இந்து அறப்பணி வாரியத்தின் தங்கத்தேரும் குயின் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து வேலைத் தாங்கிச் செல்கிறது. இரண்டு தேர் வேண்டுமா, எது முன்னே செல்வது என்று ஊரில் வாதம் எழுந்ததும் உண்டு. அவ்வாதத்தைக் கண்டு வருந்துவோர் ஒன்றை மறக்கின்றனர். காட்சிச்சாலையில் வைத்த தேரைப் பற்றி எவரும் பிணங்குவதில்லை. உரிமை கொண்டாடுவோர் இருக்கும் இடத்தில்தான் பிணக்கு உண்டு. பிணக்குள்ள இடத்தில்தான் தேருக்கு உயிரும் உண்டு.

சூலியா தெருவில் கடைகளுக்கிடையே நிற்கும் நாகூர் தர்காவும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் அடக்கம் நாகூரில் உள்ளது. கடல் கடந்த பக்தர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர் பெயரால் தர்காக்களை எழுப்பினர். சிங்கப்பூர் தெலோக் ஆயர் தெருவில் உள்ளது 1974இல் தேசியச் சின்னமாகி, 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. அது நன்கு பேணப்படுகிறது. அதன் வரலாறு செவ்வையாக விளக்கப்படுகிறது. பினாங்குத் தர்காவோ விளக்கப்பலகையினும் வேண்டுதலால் வாழ்கிறது. இவற்றுள் எது சிறந்தது என்பதன்று கேள்வி. சுற்றிலும் குடியிருப்போர் அகன்ற பின் ஒரு வழிபாட்டிடத்துக்கு எஞ்சும் நல்ல முடிவு காட்சிச்சாலை ஆவதே என்பதைச் சிங்கப்பூர் காட்டுகிறது. அம்முடிவுக்கு வராதிருக்கப் பினாங்குக்கு இன்னும் காலம் இருக்கிறது.

நாகூருக்கும் பினாங்குக்கும் உள்ள தொடர்பு வழிபாட்டோடு நின்றதன்று. நாகூர் குலாம் காதிறு நாவலர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்கில் இருந்தபோது 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தினார். தமிழாசிரியர்கள் நாவலரை மதுரைத் தமிழ்ச் சங்கத்தோடு சேர்த்து நினைப்பர்; பினாங்குத் தெருக்களோடும் சேர்த்து நினைத்தல் வேண்டும். ஓரிடத்தில் இதழ் நடக்கவேண்டுமானால் அச்சகம் மட்டும் போதாது. மாலையில் கூடிப் படிப்பவர் வேண்டும்.

கடாரம் கூறும் எச்சரிக்கை

பினாங்குத் தீவுக்கு வடக்கே எதிர்க்கரையில் கெடா உள்ளது. தமிழர் அதனைக் கடாரம் என்றனர். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த பொருள்களைக் கூறுமிடத்துக் காழகத்திலிருந்து வந்தவற்றையும் சேர்க்கிறது. காழகம் என்பதற்குக் கடாரம் என்று பொருள் உரைப்பர். அக்கடாரத்தின் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் பல அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் புக்கிட் பத்து பகாட் என்னும் இடத்துக் கோயில் 1960ஆம் ஆண்டளவில் கற்களை மீண்டும் அடுக்கிச் சீரமைக்கப்பட்டது. அங்கே கல் உண்டு, குடி இல்லை. 2013இல் அப்பள்ளத்தாக்கின் மற்றொரு கோயில் அடித்தளம் நில வளர்ச்சிப் பணியில் இடிக்கப்பட்டது. அச்செய்தி பின்னரே வெளிவந்து பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. இடிக்கும்போது தடுக்க அங்கே ஊரார் இல்லை. நாள்தோறும் விளக்கேற்றும் ஒருவர் இருந்திருந்தால், இயந்திரம் வந்த அன்றே ஊர் கூடியிருக்கும்.

1025ஆம் ஆண்டளவில் அக்கடாரத்தின் மேல் கப்பற்படை செலுத்தியவன் முதலாம் இராசேந்திரன். அவன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம் இரண்டரை நூற்றாண்டு சோழர் தலைநகராக இருந்தது. இன்று கோயில் நிற்கிறது, நகரம் இல்லை. மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கற்களை அகழ்ந்து காணவேண்டியிருக்கிறது. கோயில் மதிலின் கற்கள் 19ஆம் நூற்றாண்டில் கொள்ளிடத்துக் கீழணைக்காகப் பெயர்த்துச் செல்லப்பட்டன. 2004இல் அக்கோயில் தஞ்சைப் பெரிய கோயிலோடு 'வாழும் பெருஞ்சோழர் கோயில்கள்' என்னும் பெயரால் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பூசை நடைபெறுகிறது, ஐப்பசி அன்னாபிடேகத்துக்குக் கூட்டம் திரள்கிறது. ஆகவே 'வாழும்' என்னும் சொல் பொய்யன்று. ஆயினும் தலைநகரத்துக் கோயிலாக அது வாழவில்லை. சிற்றூர்க் கோயிலாக வாழ்கிறது. ஊர் சிறுத்தால் கோயிலின் வாழ்வும் அவ்வளவாகச் சிறுக்கும்.

பூஜாங்கில் ஊரும் வழிபாடும் இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் வழிபாடு உண்டு, பெருநகர் இல்லை. ஜார்ஜ் டவுனில் இரண்டும் உண்டு. இரண்டாவது நிலைக்கு அது இறங்கத் தொடங்கியதோ என்பதே கவலைக்குரியது.

வாடகையும் வரலாறும்

இக்கவலைக்குக் காரணம் உண்டு. மலேசியாவில் 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை உயரவிடாமல் தடுத்தது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் விடவில்லை. ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளிற் பெரும்பாலானவை அச்சட்டத்துக்கு உட்பட்டவை. கீழே தொழில், மேலே குடும்பம் என்ற முறை அதனால் நிலைத்தது. தச்சர், தட்டார், பூக்கட்டுவோர், பெட்டி செய்வோர், சமையற்காரர் ஆகியோர் நகரின் நடுவிலேயே வாழ முடிந்தது.

சட்டத்தின் குறையையும் மறைக்கலாகாது. சொற்ப வாடகை பெற்ற உரிமையாளர் கூரையைச் செப்பனிட மனம் கொள்ளவில்லை. பல வீடுகள் ஒழுகின. ஆனால் குடியிருப்பவரை அகற்ற இயலாமையால் வீட்டை இடித்து மாடி எழுப்பவும் இயலவில்லை. பழமையைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் சிறிதும் இன்றி இயற்றப்பட்ட ஒரு வாடகைச் சட்டமே பழைய நகரத்தைக் காத்து யுனெஸ்கோவின் கையில் கொடுத்தது என்றால் அது மிகையன்று.

2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் முதல் அச்சட்டம் இல்லாமற் போயிற்று. வாடகை உயர்ந்தது; பலர் பெயர்ந்தனர். எட்டு ஆண்டுகளுக்குப் பின் பாரம்பரியத் தகுதி வந்தபோது சுவருக்கும் சாளரத்துக்கும் காப்புக் கிடைத்தது, வாடகைக்காரருக்குக் கிடைக்கவில்லை. பாரம்பரிய எல்லைக்குள் 2009இல் பத்தாயிரத்தைச் சற்றே தாண்டியிருந்த குடித்தொகை, 2013இல் பத்தாயிரத்துக்குக் கீழ் இறங்கியது. கடைவீடுகள் விடுதிகளாயின, காப்பிக் கடைகளாயின. சிலவற்றின் சாளரங்களை அடைத்து, கூட்டுக்காக உழவாரக் குருவிகளை வளர்த்தனர். அத்தொழிலைப் பாரம்பரிய எல்லைக்குள் 2013 முடிவுக்குள் நிறுத்தவேண்டும் என்று மாநில அரசு ஆணையிட வேண்டியதாயிற்று. முதியோர் ஆடிய இடத்தில் கோழி முட்டையிட்டதைப் பாடிய புலவருக்கு, மக்கள் வாழ்ந்த மாடியில் குருவி கூடுகட்டிய காட்சி வியப்பளித்திராது.

2012இல் ஆர்மேனியன் தெருச் சுவரில் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச், மிதிவண்டியில் செல்லும் இரு சிறுவரை வரைந்தார். ஓவியம் இனியது, அதன் முன் நின்று படம் எடுக்க மக்கள் வரிசையில் நிற்கின்றனர். ஆனால் அத்தெருவில் மெய்யாகவே மிதிவண்டி ஓட்டும் சிறுவர் எத்தனை பேர் என்று கேட்பவர் சிலரே. கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

அறநிலையங்களின் கடமை

இந்நிலைக்கு வருகையாளரைக் குறை கூறிப் பயனில்லை. அவர்கள் வரவால் வருவாய் உண்டு. பல கட்டடங்கள் அதனால் செப்பம் பெற்றன. வீட்டு உரிமையாளரை அறம் பேசி வருத்துவதும் முறையன்று. அவர் கூரைக்கும் வரிக்கும் பணம் வேண்டும். ஆனால் ஜார்ஜ் டவுனில் தனியார் அல்லாத உரிமையாளர் பலர் உள்ளனர். பள்ளிவாசலின் வக்ஃபு, இந்துக் கோயில்களின் அறப்பணி வாரியம், சீனரின் குலச் சங்கங்கள் ஆகியவை அவை. கோயிலைக் கட்டியவர்களே அதைச் சுற்றி வீடுகளையும் கட்டிவைத்தனர். வீட்டு வாடகையால் விளக்கெரிய வேண்டும், விளக்கைக் காண வீட்டார் வரவேண்டும் என்பதே அவ்வேற்பாட்டின் உட்கருத்து.

கூ கொங்சி என்னும் குலமன்றம் இதற்குத் தக்க சான்று. 1901இல் தீக்கிரையாகி 1906இல் மீண்டும் எழுந்த மாளிகை அது. பார்க்க வருவோர் வியப்பது அதன் கூரைச் சிற்பங்களை. குலத்தார் பெருமையோடு காட்டுவது, பட்டம் பெற்ற பிள்ளைகளின் பெயர் பொறித்த பலகைகளை. மாளிகையைச் சூழ்ந்த வரிசை வீடுகள் குலத்தார் குடியிருக்க எழுந்தவை. வேலிக்குள் ஒரு சிற்றூரே இருந்தது. சிற்பத்தைக் காப்பது எளிது. அச்சிற்றூரைக் காப்பது அரிது.

ஆகவே, ஓர் அறநிலையம் தன் வீடுகளை யாருக்கு, என்ன வாடகைக்கு விடுகிறது என்பதே இன்று ஜார்ஜ் டவுனின் முதன்மையான பாரம்பரியப் பணி. கோபுரத்துக்கு வண்ணம் பூசுவது அதற்கு அடுத்தது. பத்து வீட்டில் ஐந்தைச் சந்தை விலைக்கு விட்டு, அவ்வருவாயால் மற்ற ஐந்தில் பூக்கட்டுவோரையும் தட்டாரையும் ஓதுவாரையும் குடியமர்த்தினாலும், கோயிலின் காலைப் பூசைக்கு நடந்தே வருவோர் இருப்பர். அங்ஙனம் செய்யும் அறநிலையம் கணக்கில் சிறிது இழக்கும். கட்டளையில் முழுமை பெறும்.

பள்ளி மாணவரை ஜார்ஜ் டவுனுக்கு அழைத்துச் செல்லும் தமிழாசிரியர் கட்டப்பட்ட ஆண்டைச் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்தலாகாது. இக்கோயிலின் திறவுகோல் யாரிடம் உள்ளது, விடியலில் வாசல் பெருக்குபவர் எங்கே குடியிருக்கிறார், அவர் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று மாணவர் கேட்டறியட்டும். பெருக்குபவர் அடுத்த தெருவைக் காட்டினால் அது மன்றம். தொலைவிலுள்ள புறநகரின் பெயரைச் சொன்னால், பொதியிலின் தூணை விட்டுத் தெய்வம் கிளம்ப ஆயத்தமாகிறது என்று பொருள்.